வாகனப் பக்கம்: தோடம்பழ நிற வயரும் ஒரு சின்ன வளையமும்

சென்ற இதழில் குளிர்கால ரயர்களைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை கார்க் கண்ணாடியில் படியும் பனியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த சங்கடம் காரணமாக அந்த விடயத்தை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாசகர்கள் பொறுத்தருள்க.

நோர்வேயில் 2024 ஆம் ஆண்டு புதிதாகப் பதியப்பட்ட கார்களில் 88.9 வீதமானவை மின்சாரக் கார்கள். புதுக்கார் வாங்கும் வசதி நம்மில் பலருக்கு வந்த புதிதில் இருப்பதில்லை. ஆனால் இன்று புதிதாக ஓடுபவைதான் நாலைந்து வருடத்தில் பழைய காராக நம் கைக்கு வரும். ஆகவே, ஊரில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் பார்த்து வளர்ந்த நாங்கள், இங்கே முதன்முதலில் வாங்கும் கார் ஒரு மின்சாரக் காராக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதிலே எஞ்சின் ஓயிலும் இல்லை, புளக்கும் இல்லை, காபுரேற்றரும் இல்லை. அதனால் பழுது வந்தால் எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

விடயத்துக்கு வருவோம்.

கடந்த கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தம்பி. இரண்டு பிள்ளைகள். கட்டடம் துப்பரவாக்கும் வேலை. காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்தில் அவர் போகுமிடத்துக்கு பஸ் இல்லை. சீட்டெடுத்த காசிலும் மைத்துனரிடம் வாங்கிய கடனிலும் ஏழு வருடம் பழகிய ஒரு மின்சாரக் காரை, கார் விற்கும் கடை ஒன்றில் எட்டு மாதத்துக்கு முன் வாங்கியிருந்தார்.

"அண்ணை, றெடி லைற் வருகுதில்லை. வெள்ளிக்கிழமை வேலையால வந்து விட்டனான், சனி காலமை எடுக்கப் போனால் ஒண்டுமில்லை. இழுத்துக்கொண்டுபோய்க் கராஜில விட்டனான். அவங்கள் பெரிய பற்றரி போட்டுதாம் எண்டுறாங்கள். மாத்துற காசுக்கு இன்னொரு கார் வாங்கலாமாம். உடைக்கக் குடுக்கச் சொல்லுறாங்கள்."

சொல்லும்போதே அவருடைய குரல் உடைந்துவிட்டது. காருக்குக் கட்டவேண்டிய கடன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "கராஜ்காரர் கொம்பியூட்டர் போட்டுப் பார்த்த தாள் ஏதும் தந்தவையோ?"

தந்திருந்தார்கள். அதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தாளில் ஒரேயொரு பழுதுக் குறி இருந்தது: பி0ஏ0டி. (முதலெழுத்து 'பேப்பர்' என்பதிலுள்ள 'பி'.) பற்றரியின் கலங்கள் பழுது என்று சொல்லும் குறி ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் குறி சொல்வது வேறு விடயம். உயர் வொல்ற் இன்ரர்லொக் வளையத்தில் அழுத்தம் கூட இருக்கிறது என்பதே அதன் பொருள். சாதாரண தமிழிற் சொன்னால், "எங்கேயோ ஒரு பிளக் சரியாகப் பூட்டப்படவில்லை என்று நினைக்கிறேன், ஆகவே நான் மின்சாரத்தைத் திறக்கமாட்டேன்" என்று கார் சொல்கிறது.

இந்த இன்ரர்லொக் என்றால் என்ன?

மின்சாரக் காரின் பெரிய பற்றரி பெரும்பாலும் 350 முதல் 400 வொல்ற் வரையான நேரோட்டம் தரும். சில புதுக் கார்களில் 800 வொல்ற்றும் உண்டு. ஐக்கிய நாடுகளின் வாகன விதி 100 இன்படி, 60 வொல்ற் நேரோட்டத்துக்கு மேலே போனாலே அது உயர் வொல்ற். அது போகும் கேபிள்கள் வெளியே தெரியுமிடத்தில் தோடம்பழ நிறத்தில் இருக்கவேண்டும் என்பதும் அந்த விதியே. எந்தக் கம்பனிக் காரென்றாலும் இந்த நிறம் மாறாது.

இந்த உயர் வொல்ற் கேபிள்கள் பற்றரியிலிருந்து மோட்டாரை ஓட்டும் இன்வேர்ற்றருக்கும், சார்ஜருக்கும், ஹீற்றருக்கும், குளிரூட்டியின் கொம்பிறெசருக்கும் போகின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய பிளக் இருக்கும். யாராவது தெரியாமல் அந்தப் பிளக்கை மின்சாரம் இருக்கும்போதே கழற்றினால் உயிராபத்து. அதைத் தடுக்கத்தான் இந்த வளையம்.

கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சரவிளக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்பு கழன்றால் முழுச்சரமும் அணைந்துவிடும். இன்ரர்லொக்கும் அப்படித்தான். மெல்லிய வயர் ஒன்று, சிறிய அழுத்தத்துடன் (5 வொல்ற் அல்லது 12 வொல்ற்) காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு உயர் வொல்ற் பிளக்குக்குள்ளும் போய் வந்து, சேர்விஸ் பிளக் எனப்படும் பிரதான துண்டிப்பானுக்குள்ளும் போய், சில கார்களில் இன்வேர்ற்றரின் மூடிக்குக் கீழுள்ள சின்னச் சுவிற்சுக்குள்ளும் போய், திரும்பப் பெட்டிக்கே வந்து சேரும்.

பிளக்குக்குள்ளே ஒரு நுட்பம் உண்டு. உயர் வொல்ற் ஊசிகள் நீளமானவை. இன்ரர்லொக் ஊசிகள் இரண்டும் கட்டையானவை. பிளக்கைப் பூட்டும்போது நீளமானவை முதலில் தொடும், கட்டையானவை கடைசியில் தொடும். கழற்றும்போது கட்டையானவை முதலில் விடும். ஆகவே பிளக் கழலத் தொடங்கியவுடனேயே பெட்டிக்குச் செய்தி போய்விடும். அது பற்றரிக்குள் இருக்கும் கொன்ராக்ரர் எனப்படும் பெரிய ரிலேக்களைத் திறந்து, பற்றரியை வெளியிலிருந்து துண்டிக்கும். இன்வேர்ற்றரின் கொள்ளளவியில் தேங்கிநிற்கும் மின்னேற்றமும் இறக்கப்படும். கருவியில்லாமற் கழற்றக்கூடிய பிளக் என்றால், கழற்றி ஒரு விநாடிக்குள் அழுத்தம் 60 வொல்ற்றுக்குக் கீழே இறங்குவது விதி 100 ஏற்றுக்கொள்ளும் வழிகளில் ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும் காரில் வளையம் அறுந்தால் என்ன நடக்கும்? பெரும்பாலான கார்கள் நடுவீதியில் சட்டென்று நின்றுவிடுவதில்லை. எச்சரிக்கை லைற்றைப் போட்டு, நிறுத்திய பின் மறுபடி ஸ்ரார்ட் எடுக்க விடாது. நமது தம்பிக்கும் இதுவே நடந்தது. வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்ந்தது, சனிக்கிழமை எழும்பவில்லை.

குறிகள் சொல்லும் கதை

பி0ஏ0ஏ என்றால் பொதுவாக இன்ரர்லொக் சுற்றில் பழுது. பி0ஏ0சி என்றால் அழுத்தம் குறைவு, பி0ஏ0டி என்றால் கூட, பி0ஏ0ஈ என்றால் விட்டுவிட்டு வரும் பழுது. பல கார்களில் பெட்டி ஒரு தடைக்கூடாக அழுத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். வளையம் முழுமையாக இருந்தால் அழுத்தம் கீழே இழுக்கப்படும். வளையம் அறுந்தால் அழுத்தம் மேலேயே நிற்கும். ஆகவே அத்தகைய காரில் 'கூட' என்ற குறி வந்தால் 'எங்கேயோ திறந்திருக்கிறது' என்று கொள்ளலாம். எந்தக் காரில் எப்படி என்பதை அந்தக் காரின் வயர்ப் படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ரொயோட்டா பிரியஸ். அது கலப்புக் கார் என்றாலும் இன்ரர்லொக் உண்டு. இரண்டாவது தலைமுறைப் பிரியஸில் சேர்விஸ் பிளக்கைத் திரும்பப் போடும்போது மூன்று செய்கைகள் உண்டு: உள்ளே தள்ளவேண்டும், கைபிடியை நிமிர்த்தவேண்டும், பிறகு கீழே சறுக்கிப் பூட்டவேண்டும். மூன்றாவதை மறந்துவிட்டால் பிளக் போட்டதுபோலவே தெரியும். ஆனால் கார் றெடிக்கு வராது. பற்றரி வேலை செய்துவிட்டு, கார் எழும்பவில்லையே என்று நாள் முழுக்க மண்டையை உடைத்தவர்கள் பலர்.

இன்னொரு குறி இருக்கிறது. அது பி0ஏஏ6. இதையும் மேற்சொன்னவற்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது காவலிப் பழுது. அதாவது உயர் வொல்ற் மின்சாரம் காரின் உடம்பை நோக்கிக் கசிகிறது. ஹீற்றருக்குள் நீர் போனாலோ, கேபிள் தேய்ந்தாலோ வரும். மின்சாரக் கொம்பிறெசருக்குப் பிழையான ஓயில் விட்டாலும் வரும். ஆகவே மின்சாரக் காரின் ஏ.சி. வேலையை அது தெரிந்தவரிடமே கொடுங்கள். இந்தக் குறி வந்தால் காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

"இரண்டு வயரையும் சேர்த்து விடுவமோ?"

இனி அந்த ஞாயிறு இரவுக்குத் திரும்புவோம். குறியின் அர்த்தத்தைச் சொன்னதும் தம்பிக்கு உயிர் வந்ததுபோலாயிற்று. உடனே பக்கத்திலிருந்த மைத்துனர் தொலைபேசியை வாங்கினார். இளைஞர், கெட்டிக்காரர், ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்தியவர்.

"அண்ணை, அப்ப அந்த வளையம்தானே பிரச்சினை? பெட்டிக்குக் கிட்ட அந்த ரெண்டு சின்ன வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடுமல்லோ? வீடியோவில பாத்தனான். நாளைக்கு விடிய அத்தான் வேலைக்குப் போகவேணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. பல கார்கள் அப்படி ஓடும். அதுதான் பயமே.

நாங்கள் எப்படி வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். 1990 களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். பற்றரி இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். இல்லாததை இருப்பதாக்கிக் காட்டிய கைகள் நமது கைகள். அதற்காக நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை, பெருமைதான். ஆனால் அன்றைக்கு நாம் தொட்டது 12 வொல்ற். பிழைத்தால் புகை வரும், கை சுடும். இங்கே இருப்பது 400 வொல்ற் நேரோட்டம். பிழைத்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது தடவை கிடையாது.

மைத்துனருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வளையம் திறந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு பிளக் சரியாகப் பூட்டப்படாமல் இருக்கக்கூடும். அந்த வளையத்தைக் குறுக்கே முறுக்கிவிட்டால் பிளக் பூட்டப்பட்டதாகிவிடாது. பூட்டப்படவில்லை என்று சொல்ல ஆளில்லாமற் போகும், அவ்வளவுதான். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பெரிய ஊசிகளுக்கூடாக மின்னோட்டம் பாயும். 5 கிலோவாற் ஹீற்றர் ஒன்று 360 வொல்ற்றில் ஏறக்குறைய 14 அம்பியர் எடுக்கும். வீட்டு மின்சாரம் ஆடலோட்டம், விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் அதன் பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. நேரோட்டத்தின் பொறிக்கு அந்த இடைவெளி இல்லை. அது வில்போல் நின்று எரியும், பிளாஸ்ரிக்கை உருக்கும். பின்னாசனத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாளை ஒரு மெக்கானிக் அந்தப் பிளக்கைக் கழற்றுவார். காரின் பாதுகாப்பு வேலை செய்யும் என்று அவர் நம்பியிருப்பார். நாம் முறுக்கிவிட்ட வயர் அவருக்குத் தெரியாது.

மைத்துனர் பேசாமல் தொலைபேசியை அத்தானிடம் கொடுத்துவிட்டார். கோபம் என்று விளங்கியது. அன்றிரவு நான் வேலையிடத்து நண்பர் ஒருவருடன் பேசி, அந்தக் கிழமைக்குத் தம்பியைக் காலையில் ஏற்றிப்போக ஒழுங்குசெய்தேன். வயரை முறுக்கத் தூண்டுவது பெரும்பாலும் நாளைக் காலை வேலைக்கு எப்படிப் போவது என்ற அவசரந்தான்.

சட்டம் நம் பக்கம் நின்ற இடம்

பிறகு இன்னொரு கேள்வி கேட்டேன். "கடைசியா இந்தக் காருக்கு என்ன வேலை செய்தது?"

"மூண்டு கிழமைக்கு முன்னம் ஹீற்றர் வேலை செய்யேல்லை அண்ணை. வித்த கடைக்காரர்தான் எடுத்து மாத்தித் தந்தவர்."

அங்கேதான் எனக்குப் பாதி விடை கிடைத்தது. வேலை நடந்த காரில் இன்ரர்லொக் பழுது வந்தால், முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்த வேலை நடந்த இடம்.

வாசகர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். நோர்வேயில் கார் விற்கும் வியாபாரியிடம் வாங்கினால், பழைய காராக இருந்தாலும், வாங்கியபோதே இருந்த குறைகளுக்காக ஐந்து வருடம்வரை முறையிடும் உரிமை உண்டு. இதை ரெக்லமஷூன் என்பார்கள். தனியாளிடம் வாங்கினால் அது இரண்டு வருடம். வயதாலும் ஓட்டத்தாலும் வரும் சாதாரண தேய்வு இதில் அடங்காது. குறையைக் கண்டவுடன் தாமதிக்காமல் எழுத்தில் அறிவிக்கவேண்டும். வியாபாரியிடம் வாங்கியதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு என்றாலும் இரண்டு நாளில் எழுதுவதே புத்தி. அவர் செய்து தந்த திருத்தம் பிழைத்தாலும் அவரிடமே முறையிடவேண்டும். திருத்திக்கொடுக்கும் வாய்ப்பை முதலில் விற்றவருக்கே கொடுக்கவேண்டும். நாமாக வேறிடத்தில் திருத்திவிட்டுப் பிறகு காசு கேட்டால் வழக்கு நமக்குப் பாதகமாகும். நாமே வயரை முறுக்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். இணக்கம் வராவிட்டால் ஃபொர்ப்ரூக்கர்தில்சீனெ என்ற நுகர்வோர் அலுவலகம் இலவசமாக மத்தியஸ்தம் செய்யும்.

தம்பி திங்கட்கிழமையே கடிதம் எழுதினார். குறித்தாளின் பிரதியையும், ஹீற்றர் மாற்றிய பில்லையும் இணைத்தார். கடைக்காரர் முதலில் இழுத்தடிக்கப் பார்த்தாலும், தாளைக் கண்டபின் மின்சாரக் கார் வேலை தெரிந்த ஒரு பட்டறைக்குக் காரை அனுப்பச் சம்மதித்தார். மொழிக்கு உதவியாக நானும் போயிருந்தேன். மைத்துனரும் வந்தார்.

பட்டறையில் நடந்தது

அங்கே வேலை செய்த பெண் மெக்கானிக் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதை நீங்கள் செய்வதற்காக அல்ல, உங்கள் காரைத் தொடுபவர் இப்படிச் செய்கிறாரா என்று பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

1. காரைச் சுற்றிச் சங்கிலி கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்தார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்.

2. முதலில் சிறிய 12 வொல்ற் பற்றரியை அளந்தார். நல்ல பற்றரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வொல்ற் காட்டும். அது தளர்ந்திருந்தால் மின்சாரக் காரில் பத்துப் பதினைந்து பொய்க்குறிகள் வரும். இது நன்றாக இருந்தது.

3. குறியையும், குறி விழுந்த நேரத்துத் தரவுகளையும் வாசித்துப் பதிந்துகொண்டார். அழித்துவிட்டுத் தொடங்கவில்லை.

4. காரை நிறுத்தி, திறப்பைத் தூரத்தில் பூட்டிவைத்தார். 12 வொல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றினார். 1000 வொல்ற் தாங்கும் இறப்பர்க் கையுறையில் ஓட்டை இல்லையென்று காற்றடைத்துப் பார்த்தபின் அணிந்து, சேர்விஸ் பிளக்கை இழுத்தெடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

5. கொள்ளளவி இறங்குவதற்காகக் காத்திருந்தார். இது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், 5 நிமிடமும் உண்டு, 10 நிமிடமும் உண்டு.

6. மீற்றரைத் தெரிந்த ஒரு பற்றரியில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதிசெய்தார். பிறகு உயர் வொல்ற் முனைகளை அளந்தார், பூச்சியம். பிறகு திரும்பவும் அந்தப் பற்றரியில் மீற்றரைச் சோதித்தார். மீற்றரே செத்துப்போய்ப் பூச்சியம் காட்டவில்லை என்பதற்காக.

இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் போயிற்று. அதன் பின்புதான் பழுதைத் தேடத் தொடங்கினார்.

வயர்ப் படத்தின்படி அந்தக் காரின் வளையம் எட்டு இடங்களுக்கூடாகப் போகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் நாள் முழுக்கப் போகும், கழற்றும் வேகத்தில் புதுப்பழுதும் வரும். அவர் வளையத்தை நடுவில் பிரித்து, இரண்டு பாதியின் தடையையும் தனித்தனியே அளந்தார். ஒரு பாதி ஒரு ஓமுக்கும் குறைவு, அது சரி. மற்றப் பாதி திறந்திருந்தது. அதைத் திரும்ப நடுவில் பிரித்தார். எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. மூன்று அளவையில் இடம் பிடிபட்டது. ஓம் அளவை எப்போதும் மின்சாரம் நிறுத்திய வயரில்தான் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மீற்றர் பொய் சொல்லும்.

ஒரு விடயம் எனக்கு மிகவும் பிடித்தது. சேர்விஸ் பிளக்கும் வளையத்தின் ஒரு கண்ணிதான். அதை எடுத்துவிட்டால் அவ்விடத்தில் வளையம் தானாகவே திறந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்காதவர் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் அந்த இடத்தைத் தனியாக அளந்து ஒதுக்கிவிட்டே மற்றதைப் பார்த்தார்.

சில கம்பனிகள் வளையத்தில் நிலையான அழுத்தத்துக்குப் பதிலாகத் துடிப்புத் துடிப்பாகச் செய்தி அனுப்பி, போனதும் வந்ததும் ஒன்றா என்று பார்க்கும். அத்தகைய காரில் சாதாரண மீற்றர் சராசரியைத்தான் காட்டும். அலைகாட்டி வேண்டும்.

பழுது இருந்த இடம் ஹீற்றரின் பிளக். பிளக் உள்ளே போயிருந்தது, ஆனால் அதன் பூட்டுக் கைபிடி கடைசிச் சொடக்குவரை தள்ளப்படவில்லை. நீள ஊசிகள் தொட்டன, கட்டை ஊசிகள் விளிம்பில் நின்றன. மூன்று கிழமை அதிர்விலும் முதற் குளிரிலும் அந்த மயிரிழையும் விட்டுப்போயிற்று.

பிளக்கைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். ஒரு நீள ஊசியின் நுனி ஏற்கெனவே கறுத்திருந்தது.

மைத்துனர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "அண்ணை, நான் அண்டைக்கு முறுக்கியிருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கறுத்த ஊசியுள்ள பிளக்கைத் துடைத்துப் போடாமல் புதிதாக மாற்றினார்கள். பூட்டியபின் மீற்றரை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பிளக்கையும் ஆட்டிப் பார்த்தார்கள். பிறகே மின்சாரம் கொடுத்து, குறியை அழித்து, ஓட்டிப் பார்த்தார்கள். றெடி லைற் வந்தது. செலவு முழுவதையும் விற்ற கடைக்காரர் ஏற்றார். உடைக்கக் கொடுக்கச் சொன்ன கார் இன்றைக்கும் காலை நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

கார் றெடிக்கு வராவிட்டால், முதலில் திரையிலுள்ள எச்சரிக்கையைப் படமெடுங்கள். மழையா, கார் கழுவியபின்னா, சார்ஜ் போட்டபின்னா, ஏதும் வேலை நடந்தபின்னா, அடிபட்டபின்னா என்பதை எழுதிவையுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இந்தக் குறிப்புத்தான் பாதி மருந்து.

12 வொல்ற் பற்றரியை அளப்பிக்கலாம். குறி வாசிக்கும் சிறிய கருவியைச் செருகிக் குறியைப் படிக்கலாம். படித்த குறியை அழிக்காதீர்கள்.

கராஜில் காரை விட்டால் குறித்தாளைக் கேட்டு வாங்குங்கள். "பற்றரி போய்விட்டது" என்று வாயால் சொன்னால், "எந்தக் குறி அப்படிச் சொல்கிறது?" என்று கேளுங்கள். உயர் வொல்ற் வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. சந்தேகம் தீராவிட்டால் நாஃப் என்ற வாகனச் சங்கத்தின் பரிசோதனை நிலையம் போன்ற இன்னோரிடத்தில் அபிப்பிராயம் கேளுங்கள்.

தோடம்பழ நிறமுள்ள எதையும் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். கார் அடிபட்டோ வெள்ளத்தில் நின்றோ இருந்தால், அல்லது கீழிருந்து புகையோ வெடிப்புச் சத்தமோ வந்தால், எல்லாரையும் இறக்கித் தூரப்போய் 110 க்கு அழையுங்கள். அது தீயணைப்புப் படையின் இலக்கம்.

இன்ரர்லொக் வளையத்தை முறுக்கி ஓடவிடாதீர்கள். யாராவது செய்துதருவதாகச் சொன்னாலும் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. சென்ற கிழமை அந்த மைத்துனர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அந்தப் பெண் படிச்ச படிப்பு எங்க படிப்பிக்கினம்?" என்று கேட்டார். வாகன மெக்கானிக்காகத் தொழிற்சான்றிதழ் எடுக்கும் வழியையும், அதற்கு முன் மொழி வகுப்பை முடிக்கவேண்டியதையும் சொன்னேன். மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வேலை வராமற் போகாது. பொறுமை மட்டும் வேண்டும்.

அடுத்த இதழில், முன்பு சொன்னபடி, கார்க் கண்ணாடியில் படியும் பனியை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். உங்கள் வாகனக் கேள்விகளை வழக்கம்போல் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். குறித்தாளின் பிரதியையும் சேர்த்து அனுப்பினால் பதில் சொல்ல இலகுவாக இருக்கும்.